கேட்காமல் எழுதிய நூறு பதில்கள்

வேங்கிக்கால் பஸ் ஸ்டாப்பில் உட்கார்ந்துதான் முதன்முதலாக ஒரு குடும்பத்தை உண்டாக்கினேன். புருஷன், பெண்டாட்டி, ரெண்டு பிள்ளைகள், ஒரு மாமியார். தினம் ஒன்றரை லிட்டர் பால். அப்போது நான் பி.எஸ்சி. புள்ளியியல் முதலாண்டு. ஐம்பது வீட்டுக்குப் போய், ஆள் எத்தனை, பால் எவ்வளவு என்று கேட்டு எழுதி, சராசரி கண்டுபிடித்து வரச் சொல்லியிருந்தார்கள். எங்கள் முதல் பிராக்டிகல் அது.

முதல் வீட்டில் நாய். இரண்டாவது வீட்டில் ஒரு அம்மா கதவைத் திறந்து, "கலெக்டர் ஆபீஸ்லேர்ந்து வரியா? ரேஷன் கார்டுல எம் மருமவ பேரை எடுத்துடு" என்றார். உள்ளேயிருந்து மருமகளின் குரல் வந்தது: "எடுத்துட்டா பாலை யாரு காச்சறதாம்?" எவ்வளவு பால் என்று கடைசிவரை இரண்டு பேரும் சொல்லவில்லை. மூன்றாவது வீட்டுக்காரர் எல்லாக் கேள்விக்கும் பொறுமையாகப் பதில் சொன்னார். சொல்லி முடித்ததும் ஃபாரத்தைக் கேட்டு வாங்கினார், கிழித்தார். "இன்னிக்குப் பால் எவ்ளோனு கேப்பீங்க, நாளைக்கு அதுக்கு வரி போடுவீங்க."

நான்காவது வீட்டு கேட்டில் கை வைத்தபோது அந்த யோசனை வந்தது. உள்ளே எத்தனை பேர் இருப்பார்கள்? நாலு பேர், மிஞ்சினால் அஞ்சு பேர். எனக்கே தெரிந்த விஷயத்தைக் கேட்பதற்காக மத்தியானத் தூக்கத்திலிருந்து ஒரு பெண்ணை எழுப்புவானேன்? கையை எடுத்துவிட்டு பஸ் ஸ்டாப்புக்கு வந்தேன். ஐம்பது குடும்பமும் அடுத்த பஸ் வருவதற்குள் முடிந்தது. மார்க் பத்துக்குப் பத்து. வெயிலில் அலைந்து நிஜமாகவே கேட்டு வந்த பையனுக்கு ஏழு.

அதற்குப் பிறகு மூன்று வருஷம் அதுவே என் தொழில். புள்ளியியல் துறையில் யாருக்கு டேட்டா வேண்டுமானாலும் என்னிடம் வருவார்கள். கூலி கிடையாது. என் ரெக்கார்டு நோட்டில் கிராஃப் வரைந்து கொடுத்தால் போதும், எனக்குக் கோடு நேராக வராது. இந்த வருஷம் இருபத்தோரு வயதில் ஓய்வு பெற்றேன். பிரிவு உபசார விழா, மாலை, சில்வர் தட்டு எதுவும் இல்லை. ஒரு அரியர் மட்டும் கிடைத்தது.

போன வாரம் காலேஜுக்கு எதிரே இருக்கிற டீக்கடையில் நாலு ஜூனியர்கள் என்னைச் சூழ்ந்துகொண்டார்கள். துறையில் புதிதாக ஒரு செல்போன் ஆப் கொண்டு வந்திருக்கிறார்களாம். பதிலை அதில்தான் ஏற்ற வேண்டும். எந்த இடத்தில், எந்த நேரத்தில் ஏற்றினாய் என்பது தானாகப் பதிவாகிவிடும்.

"தேனக்கா, இனிமே எப்டிக்கா பொழைக்கிறது?" என்றாள் ஒருத்தி.

"நீங்க ரிட்டயர் ஆனதுதான் தப்பு. உங்க அனுபவத்தையாவது எழுதிக் குடுங்க" என்றான் இன்னொருவன்.

தேன்மொழி என்கிற நான் எழுதிக் கொடுக்கிறேன். அவர்கள் எதிர்பார்த்தது இதுதானா என்பது வேறு விஷயம்.

பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. முதல் செமஸ்டரில் சராசரி, இரண்டாவதில் சிதறல், மூன்றாவதில் நிகழ்தகவு, நான்காவதில் தூக்கம். லைப்ரரியில் இருந்த ஒரே நல்ல புத்தகத்தில் கடைசி அட்டவணைகளை யாரோ பிளேடு போட்டு எடுத்திருந்தார்கள். அவர் என்னைப் போல ஒரு முன்னோடியாக இருந்திருக்க வேண்டும்.

செய்முறைக்கு வருகிறேன். வருகிற ஆளிடம் நான் கேட்கும் முதல் கேள்வி, "முடிவு இன்னா வரணும்?" என்பதுதான். ஆம்பளைப் பசங்களும் பொண்ணுங்களும் செல்போன் பார்க்கிற நேரத்தில் வித்தியாசம் இருக்கணுமா, இருக்கக்கூடாதா? இருக்கணும் என்றால், வித்தியாசம் தற்செயலா நிஜமா என்று பார்க்கிற சோதனையின் விடை ஒன்று புள்ளி ஒன்பது ஆறைத் தாண்டணும். கொஞ்சம் தாண்டினால் போதும். பேராசைப்பட்டு ஒன்பது, பத்து என்று போனவர்கள் மாட்டியிருக்கிறார்கள். அந்த விடையிலிருந்து பின்னால் நடந்து வந்தால் இரண்டு சராசரி கிடைக்கும். எண்கள் சராசரியை விட்டு எவ்வளவு சிதற வேண்டும் என்பது கிடைக்கும். அதிலிருந்து நூறு மனிதர்களைச் செய்ய வேண்டியதுதான்.

மனிதர்களைச் செய்ய ஐந்து பேனா வேண்டும், அதில் ஒன்று கசிய வேண்டும். பத்து ஃபாரத்துக்கு ஒன்றில் டீ சிந்தணும். ரெண்டு பேர் பதில் சொல்ல மறுக்கணும். எல்லாரும் ஒத்துழைத்தால் யாரும் நம்பமாட்டார்கள். இவை எல்லாவற்றையும் விட முக்கியமானது எண். சோம்பேறிதான் பத்து, இருபது, முப்பது என்று எழுதுவான். நான் பதினேழு, இருபத்துமூணு, நாற்பத்தொண்ணு என்று போவேன். பூஜ்யத்திலோ அஞ்சிலோ முடிகிற எண்ணைக் கண்டாலே எனக்குக் கை கூசும்.

ஒன்று மட்டும் சத்தியம். எங்கள் வகுப்பில் புள்ளியியலை ஆசையோடு படித்தது நான்தான். நிஜமாகக் கேட்டு வந்தவளுக்கு கால்குலேட்டரைத் தட்டத் தெரிந்தால் போதும். இட்டுக்கட்டுகிறவளுக்குச் சூத்திரம் தலைகீழாகவும் தெரிந்திருக்க வேண்டும்.

எங்கள் மேலதிகாரி, துறைத் தலைவர் துரைசாமி சார். அவரிடம் ஒரு கண்ணாடித்தாள் இருந்தது. ஓவர்ஹெட் புரொஜெக்டர் காலத்துப் பிளாஸ்டிக் தாள், ஓரமெல்லாம் பழுத்திருக்கும். அதில் கறுப்பு மார்க்கரால் ஒரு மணி வளைவு வரைந்திருப்பார். நடுவில் மேடு, ரெண்டு பக்கமும் வழுக்கிக்கொண்டு இறங்கும். பாடப்புத்தகத்தில் இயல்நிலைப் பரவல் என்று போட்டிருக்கும். வருஷ ஆரம்பத்திலேயே சொல்லிவிடுவார்: "கிராஃபு எல்லாரும் ஒரே அளவுல வரையணும். பத்து கட்டம் அகலம், எட்டு கட்டம் உயரம்." தாள் அந்த அளவு.

புராஜெக்டைக் கொண்டு போனால் முதல் பக்கத்தைப் பார்க்கமாட்டார். ஃபாரங்களைப் பார்க்கமாட்டார். பிளாஸ்கைத் திறந்து வெந்நீர் ஒரு மூடி குடிப்பார். லாகரிதம் புத்தகத்துக்குள்ளிருந்து தாளை எடுத்து, சட்டையில் துடைத்து, கிராஃபின் மேல் வைப்பார். கல்யாணப் பெண்ணுக்குப் பொட்டு வைக்கிற மாதிரி இப்படி ஒரு தள்ளு, அப்படி ஒரு தள்ளு. பொருந்திவிட்டால், "ஆங், இயற்கை" என்று பச்சை மையில் கையெழுத்து. பொருந்தாவிட்டால், "உலகத்துல இல்லாததை எழுதிக்கினு வந்திருக்கே."

வருமானம், மார்க், மழை, மாட்டுக்குத் தீவனம், எல்லாமே அந்தத் தாளுக்கு அடியில் படுத்தாக வேண்டும். ஒருத்தி வீட்டுக்கு எத்தனை டூவீலர் என்று கேட்டு வந்தாள். ஜனங்களிடம் இருந்தது ஒன்றுமில்லை, ஒன்று, ரெண்டு, அவ்வளவுதான். கிராஃபில் மூணு குச்சி நின்றது. "வளைவு எங்கம்மா?" என்று திருப்பி அனுப்பினார். அழுதுகொண்டே என்னிடம் வந்தாள். வீட்டுக்கு ஏழு பைக் வரைக்கும் வாங்கிக் கொடுத்தேன். பச்சை மை கிடைத்தது.

இப்போது கஷ்டமான கேஸ்.

கடைசி வருஷப் புராஜெக்டுக்கு சார் எனக்கும் ஜபீனுக்கும் ஒரே தலைப்பைக் கொடுத்தார்: கிரிவலம் சுற்ற எவ்வளவு நேரமாகிறது? பௌர்ணமியன்று நான் ரமணாசிரமம் பக்கம் நூறு பேரிடம் கேட்கணும். ஜபீன் அதே பாதையில் இன்னும் தள்ளி இருக்கிற அடி அண்ணாமலையில் நூறு பேரிடம் கேட்கணும். "போன தடவை சுத்தி முடிக்க எவ்ளோ நேரம் ஆச்சு?" என்பதுதான் கேள்வி.

ஜபீன் என் பெஞ்சுக்காரி. தேரடிப் பக்கம் அவள் குடும்பத்துக்கு மூணு தலைமுறையாகத் துணிக்கடை. வேலூரில் ஒரு காலேஜில் எம்.எஸ்சி.க்கு அவளுக்கு இடம் வந்திருந்தது. அவள் அப்பாவின் ஒப்பந்தம் எங்கள் வகுப்புக்கே தெரியும்: எல்லாப் பேப்பரும் ஒரே மூச்சில் பாஸ் பண்ணினால் வேலூர், ஒரு அரியர் விழுந்தாலும் படித்தது போதும். நல்ல மனுஷன்தான், ஆனால் கடையில் பேரம் பேசுகிறவர்களுக்குச் சொல்கிற அதே குரலில்தான் வீட்டிலும் ஒரே விலை சொல்வார்.

"வெயில்ல போய் நிக்காதடி" என்றேன். "உனக்கும் சேத்து நானே பண்ணிடறேன். ஒரே மாவு, ரெண்டு தோசை."

"எனக்குத் தெரிஞ்சுக்கணும்டி, நெஜமாவே எவ்ளோ நேரம் ஆவுதுனு."

"நெட்ல போட்டா வரும்."

"நெட்ல போட்டவன் யாரைக் கேட்டானாம்?"

சிரித்து மழுப்பினேன்.

அவள் மத்தியானம் மூணு மணியிலிருந்து இருட்டும்வரை அடி அண்ணாமலையில் நின்றாள். அவள் அம்மா துணைக்கு வந்து சுக்குக் காப்பிக் கடையில் உட்கார்ந்திருந்தார்கள். "நாலு மணி நேரம் ஆவும்மா" என்றார்கள் ஜனங்கள். "நாலரை போடு. வேணாம், அஞ்சுன்னே போட்டுக்கோ" என்றார்கள். "அண்ணாமலையானை நெனச்சிக்கினு நடந்தா நேரமே தெரியாது, அதை இன்னான்னு எழுதுவே?" என்றார் ஒருவர். அதையும் ஃபாரத்தின் பின்பக்கம் எழுதிக்கொண்டாள். இன்னும் எவ்வளவு தூரம் கண்ணு என்று இவளிடம் கேட்டவர்கள்தான் ஜாஸ்தி.

நான் ஆசிரமம் பக்கம் போனது உண்மை. ஒரு கஃபேயில் ஜன்னலோரம் உட்கார்ந்து, எலுமிச்சை டீ சொல்லிவிட்டு, நூறு பேரையும் அங்கேயே செய்தேன். நாலு மணி பதினேழு நிமிஷம், மூணு மணி ஐம்பத்துமூணு நிமிஷம். ஜன்னலுக்கு வெளியே ஜனம் சாரிசாரியாகப் போய்க்கொண்டிருந்தது. எழுந்து போய் ஒருத்தரையாவது கேட்டிருக்கலாம். டீ ஆறிவிடுமே என்று உட்கார்ந்திருந்தேன்.

சார் எங்கள் ரெண்டு பேரையும் ஒன்றாகக் கூப்பிட்டார். என் கிராஃபின் மேல் தாளை வைத்தார். தள்ளவே வேண்டியிருக்கவில்லை. "பாத்தியா, இயற்கை." அடுத்து ஜபீனுடையது. மூணு மணி, நாலு மணி, அஞ்சு மணி என்று மூணு கோபுரம் நின்றது. நடுநடுவே அரை மணிக்குச் சின்னதாக ரெண்டு. மற்ற இடமெல்லாம் வெறும் தரை. சார் தாளை இடதுபக்கம் தள்ளினார், வலதுபக்கம் தள்ளினார், தலைகீழாகக்கூடத் திருப்பினார்.

"இதை எங்க உக்காந்து எழுதினே?"

"நின்னு எழுதினேன் சார்."

"பாதிப் பேரு சொல்லி வெச்சா மாதிரி நாலு மணி நேரமா? ஒருத்தன்கூட நாலு மணி பதினேழு நிமிஷத்துல நடக்கலியா?"

"அவங்க சொன்னதை எழுதினேன் சார்."

"இவ கேட்ட ஜனம் மட்டும் நிமிஷக் கணக்கா சொல்லுது. அதே ஊரு, அதே பௌர்ணமி. ரெண்டு பேர்ல யாரோ ஒருத்தர் புளுகியிருக்கீங்க."

மூன்று வருஷத்தில் அவர் சொன்ன மிகச் சரியான வாக்கியம் அது. ஆளைத்தான் மாற்றிவிட்டார். ஜபீனின் முதல் பக்கத்தில் சிவப்பு மையில் 'போலி' என்று எழுதினார். வெள்ளிக்கிழமை மார்க் லிஸ்ட் போகிறது, அதற்குள் ஒழுங்காகக் கேட்டு வந்தால் பார்க்கலாம், இல்லாவிட்டால் ஃபெயில் என்றார். அன்று செவ்வாய். அடுத்த பௌர்ணமிக்கு மூணு வாரம் இருந்தது.

மாடிப்படியில் உட்கார்ந்து அவள் ஃபாரங்களை வரிசைப்படுத்திக்கொண்டிருந்தாள். அழவில்லை.

"குடுடி. நாளைக்குக் காலையில தாளுக்குப் பொருந்தற மாதிரி நூறு எழுதித் தரேன்" என்றேன்.

"இதுல ஒரு அம்மா, செருப்பு பிஞ்சுபோய் கையில வெச்சிக்கினு, நின்னு எனக்குப் பதில் சொல்லிச்சு. அதைத் தூக்கிப் போட்டுட்டு நீ பண்ண ஆளை வெக்கட்டா?"

"அரியர் விழுந்தா உங்கப்பா..."

"தெரியும். நீ போடி."

இத்தனை வருஷத்தில் என் சரக்கை வேண்டாம் என்று சொன்னவள் அவள்தான். எண்ணிப் பார்த்துவிட்டுத் தருகிறேன் என்று அவள் ஃபாரங்களைக் கேட்டு வாங்கி, என்னுடையவற்றோடு சேர்த்து எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன். எந்த எண் எத்தனை தடவை வருகிறது என்று ரெண்டு கட்டையும் எண்ணினேன். அவளுடையதில் முழு மணியும் அரை மணியும் குவிந்து கிடந்தன. என்னுடையதில் பூஜ்யத்தில் முடிவது ஏறக்குறைய இல்லை. கை கூசிய இடமெல்லாம் தடம் பதிந்திருந்தது. நூறு பேரை நடக்க வைத்து, ஒருத்தரைக்கூட 'நாலு மணி நேரம்' என்று வாயைத் திறந்து சொல்ல விடாமல் வைத்திருந்தேன்.

புதன்கிழமை சார் ரூமுக்குப் போனேன்.

"சார், வீட்லேர்ந்து காலேஜ் வர எவ்ளோ நேரம் ஆவுது?"

"அரை மணி. எதுக்கு?"

வாசலில் நின்ற அட்டெண்டர் ஏழுமலை அண்ணனைக் கேட்டேன். "இன்னா, ஒரு அரை மணி ஆவும்." ஆபீஸ் மேடம் முக்கால் மணி என்றார். லேபில் இருந்தவர் அரை மணி என்றார். சார் வெந்நீரைக் குடிக்காமல் மூடியைப் பிடித்தபடி பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒருத்தர்கூட இருபத்தேழு நிமிஷம்னு சொல்லல சார். கேட்டா ஜனங்க இப்படித்தான் சொல்லுவாங்க. ஜபீன் கேட்டிருக்கா, அதனாலதான் அவளுது கோபுரமா நிக்குது. உக்காந்து எழுதறவ இப்படி எழுதமாட்டா. மாட்டிக்குவோம்னு பயந்து பதினேழு, இருபத்துமூணுனு எழுதுவா."

"உனக்கு எப்படித் தெரியும்?"

இந்தக் கேள்வி வரும் என்று எனக்குத் தெரிந்துதான் இருந்தது. வராமல் போய்விட்டால் நன்றாக இருக்கும் என்று வழியெல்லாம் வேண்டிக்கொண்டும் வந்திருந்தேன்.

"என்னுது அப்படி எழுதினதுதான் சார். நான் யாரையும் கேக்கல."

அவர் மூடியில் இருந்ததைத் திரும்ப பிளாஸ்கிலேயே ஊற்றினார். "இப்ப நீ சொன்னது என் காதுல விழல. கிளாஸுக்குப் போ."

"விழற வரைக்கும் சொல்றேன் சார்."

அவர் பார்வை அலமாரிக்குப் போனது. மூணு வருஷத்துப் பச்சைக் கையெழுத்தெல்லாம் அங்கேதான் அடுக்கியிருந்தது. "இது ஒண்ணுதானா? வேற ஏதாச்சும்..."

"மேல் தட்டுல பாதி சார். ரெண்டாவது தட்டுல இந்தப் பக்கம் பூரா. அப்புறம் அந்த டூவீலர்..."

"போதும்."

பிறகு, என் புராஜெக்டை வாபஸ் வாங்குவதாக ஒரு லெட்டர் எழுதச் சொன்னார். காரணம் என்று ஒரு வரி வேண்டுமாம். "உடம்பு சரியில்லைனு போட்டுடு. உனக்கும் நல்லது." முதன்முதலாக ஒரு உண்மையைக் கொண்டு வந்திருக்கிறேன், அதற்கும் இட்டுக்கட்டின காரணம் கேட்கிறார். 'நூறு பேரைக் கேட்டதாக எழுதியிருக்கிறேன், ஒருவரையும் கேட்கவில்லை' என்று எழுதிக் கொடுத்தேன். ரெண்டு தடவை படித்தார். பழக்க தோஷம், கீழே பச்சை மையில் கையெழுத்துப் போட்டார்.

ஜபீன் பாஸ். விளிம்பில் வந்து நிற்கிற பாஸ்தான், கிராஃப் லட்சணமாக இல்லை என்று மார்க்கைப் பிடித்துக்கொண்டார். ஆனால் ஒப்பந்தத்தில் மார்க் பற்றி ஒன்றும் இல்லையே. அவள் இப்போது வேலூரில் இருக்கிறாள். நான் வீட்டில் இருக்கிறேன். "ஊருக்கெல்லாம் எழுதிக் குடுத்துட்டு நீ ஃபெயிலாடி?" என்று அம்மா மூணு நாள் கேட்டாள். நாலாவது நாள் அரிசி களையும்போது, "அந்தத் துணிக்கடைப் பொண்ணு நல்லா இருக்குதா?" என்று கேட்டாள்.

ஜூனியர்களே, ஆப்புக்கு வருகிறேன். அதை ஏமாற்ற எனக்கு டீ முடிவதற்குள் ரெண்டு வழி தோன்றியது. சொல்லப்போவதில்லை. நீங்கள் எங்கே நின்றீர்கள் என்று அது எழுதிக்கொள்ளும். வாயைத் திறந்து கேட்டீர்களா என்று அதற்குத் தெரியாது. நானும் ஆசிரமம் பக்கத்தில்தான் இருந்தேன், ஞாபகம் இருக்கட்டும்.

அரியருக்குப் புராஜெக்ட் மறுபடி கொடுக்கணும். தலைப்பு அதேதான், ஆனால் ஒரு சந்தேகம் என்னைப் பிடித்துக்கொண்டது. ஜனங்கள் நாலு மணி நேரம் என்கிறார்கள். சொல்கிறார்கள், சரி. நடப்பது எவ்வளவு? இதை ஜபீனும் கேட்கவில்லை. எனவே வருகிற பௌர்ணமியன்று மத்தியானம் மூணு மணியிலிருந்து நான் ஆசிரமத்துக்குப் பக்கத்தில் நின்று, நடக்கிறவர்கள் கையில் ஆளுக்கொரு சீட்டு கொடுக்கப்போகிறேன். சீட்டில் அந்த நிமிஷத்தின் மணியை எழுதியிருப்பேன். அடி அண்ணாமலையில் ஜபீன் அதை வாங்கி, வந்த மணியை எழுதுவாள். அதற்காகவே லீவு போட்டு வருகிறாள். அவள் கையெழுத்தைத்தான் சார் இனிமேல் சந்தேகப்படமாட்டார். சீட்டைப் பார்ப்பதற்கு முன்னால், "அங்கேர்ந்து இங்க வர எவ்ளோ நேரம் ஆச்சுங்க?" என்றும் கேட்டுக்கொள்வாள். சொன்ன நேரம் ஒரு பத்தி, நடந்த நேரம் பக்கத்துப் பத்தி. டீக்கடையில் என்னைச் சூழ்ந்த நாலு பேரும் நடுவழியில் நின்று, சீட்டைத் தூக்கிப் போடாதீங்க என்று கத்தணும். அதற்கு ஆப் தேவையில்லை.

இருநூறு சீட்டு வெட்டி வைத்திருக்கிறேன். சிலர் பாக்கெட்டில் போட்டு மறந்துவிடுவார்கள், சிலர் அதில் விபூதி மடிப்பார்கள், சிலர் உட்கார்ந்து சுண்டல் தின்றுவிட்டு ரெண்டு மணி நேரம் கழித்து வருவார்கள். அடி அண்ணாமலைக்கு எத்தனை போய்ச் சேரும் என்று ஜபீன் போனில் கேட்டாள். ஒரு எண் வாய்வரைக்கும் வந்தது. அடக்கிக்கொண்டேன். தெரியாதுடி, நீ எண்ணிச் சொல்லு என்றேன்.